முற்றத்தில் விழுந்த வெயில்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் பழமொழி. கடலூரில் பிறந்து சிதம்பரத்தில் படித்தவனுக்கு அதற்குப் பொழிப்புரை தேவையில்லை. வைகாசி மாதத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்களுக்கும், கத்திரி நாட்களில் உச்சிப்பொழுதில் தெற்கு வீதியின் ஓரமாக நிழல் தேடி ஒதுங்கியவர்களுக்கும் வெயில் என்பது தப்பித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அதனால்தான், சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வைட்டமின் டி அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 6 நானோகிராம் என்றிருந்ததைக் கண்டபோது, முதலில் அதை அச்சுப்பிழை என்றே எண்ணினேன். இருபதுக்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. வெயிலில் உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ளும் சத்துதான் அது என்று விளக்கினேன். பெரியம்மா சிரித்தாள். “ஏண்டா, நம்ம ஊர்லயா வெயிலுக்குப் பஞ்சம் வந்துடுச்சு?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதிலில்லை. பதில் தேடிப் படித்ததும், படித்ததிலிருந்து எனக்கு உண்டான சில கருத்துகளுமே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ஒரு வாசகனின் பார்வை என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பெரியம்மாவின் வலிக்கு ஏழெட்டு ஆண்டு வரலாறு உண்டு. இடுப்பிலும் தொடையிலும் சதா ஒரு குடைச்சல். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்வாள். நடை வாத்தைப் போலப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியிருந்தது. பார்த்த மருத்துவர்களில் ஒருவர் வயதாகிவிட்டது என்றார். இன்னொருவர் வாயு என்றார். மூன்றாமவர், மனசுதான் காரணம், கோயிலுக்குப் போய் வாருங்கள் என்று அனுப்பினார். வீட்டில் நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், வேலைக்குச் சோம்பல் என்று முடிவு கட்டியிருந்தோம். கடைசியாகப் பார்த்த ஓர் இளம் மருத்துவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மீது கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். பெரியம்மா அலறிவிட்டாள். எலும்பு மென்மையாகும் நோய் என்று அவர் சொன்னார். குழந்தைகளுக்கு வந்தால் கால்கள் வளைந்து ரிக்கெட்ஸ் ஆகும். வளர்ந்தவர்களுக்கு வந்தால் எலும்பின் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. வலியும் தசைத் தளர்ச்சியுமே மிஞ்சும். வெளியே எதுவும் தெரியாததால் யாரும் நம்புவதில்லை.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம். நான் சிறுவனாக இருந்தபோது முற்றத்தில்தான் பாத்திரம் துலக்குவார்கள், அரிசி புடைப்பார்கள், தலை உலர்த்துவார்கள். கோடையில் பாய் விரித்து வடகம் பிழிவார்கள். காக்கைக்குக் காவலாகப் பெரியம்மா உச்சி வெயிலில் ஒரு கொம்புடன் உட்கார்ந்திருப்பாள். பின்னர் திருட்டுப் பயத்தால் முற்றத்துக்குக் கம்பி வலை வந்தது. குரங்குத் தொல்லையும் மழைச் சாரலும் சேர்ந்து அதன்மேல் தகரக் கூரை வந்தது. வடகம் கடையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. பெரியப்பா இறந்தபின் பெரியம்மா வெளியே போவதும் குறைந்தது. போனாலும் விடியற்காலையில் கோயில், இருட்டிய பின் கடை. இருபது ஆண்டுகளில் அவள்மீது வெயில் படும் நேரம் ஏறக்குறைய இல்லாமலே போனது. வெயில் எங்கும் போய்விடவில்லை, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மட்டும் அது வருவதில்லை.

வைட்டமின் டி என்பதைப் பெயரளவில்தான் வைட்டமின் என்று சொல்ல வேண்டும். மற்ற வைட்டமின்களை உண்டாக வேண்டும், இதை உடம்பே செய்துகொள்கிறது. தோலில் கொலஸ்டிராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான சிறு பகுதி அதன்மீது பட்டால் அது வைட்டமின் டி-யாக மாறத் தொடங்குகிறது. பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன்பின் அது ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்து, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவுகிறது. அது போதாதபோது உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சேமிப்பில் கைவைத்துக் குடும்பம் நடத்துவது போன்ற காரியம் அது.

இதில் நம் ஊர்களில் நிலவும் ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. காலை இளவெயிலில் நின்றால் போதும் என்பார்கள். காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. நமக்கு வேண்டிய அந்தக் கதிர்களில் பெரும்பகுதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் நடந்த ஆய்வுகள் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் தோலில் இந்த மாற்றம் நன்கு நிகழ்கிறது என்று காட்டின. எளிய அடையாளம் ஒன்று உண்டு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே அதற்கான நேரம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிர்களை நிறுத்திவிடும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை.

சிதம்பரம் ஏறத்தாழ பதினொன்றரை பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வார வாக்கிலும் ஆகஸ்டு நான்காம் வார வாக்கிலும், சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். பாஸ்டன் நகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் எவ்வளவு நின்றாலும் தோலில் இந்த வைட்டமின் உண்டாவதில்லை. நமக்கு அந்தத் துன்பம் மார்கழியில்கூட இல்லை. அப்படியிருந்தும் நமக்குக் குறைகிறதென்றால் குறை வானத்தில் இல்லை.

இந்த அறிவு வந்த வழியும் சுவையானது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தில் ரிக்கெட்ஸ் நோயை விவரித்து எழுதிவிட்டார்கள். காரணம் தெரியவில்லை. ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய தியோபால்ட் பாம் என்ற மருத்துவ ஊழியர் 1890இல் ஒரு கட்டுரை எழுதினார். வறுமை மிகுந்த கீழை நாடுகளில் இந்நோய் அரிதாகவும், செல்வம் மிகுந்த பிரிட்டனின் புகை மண்டிய நகரங்களில் மலிந்தும் இருப்பதற்கு வெயிலே காரணம் என்றார். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் பாதரச விளக்கின் ஒளியைப் பாய்ச்சியே நோயுற்ற குழந்தைகளின் எலும்புகளைத் தேற்றினார். அதே காலத்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளில் அந்நோயை உண்டாக்கி மீன் எண்ணெயால் தீர்த்தார். 1922இல் மெக்காலம் அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்கு டி என்று பெயரிட்டார். விளக்கொளியும் மீன் எண்ணெயும் ஒரே வேலையைச் செய்கின்றன என்ற புதிர் அவிழ மேலும் சில ஆண்டுகள் ஆயின.

நம் இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு தொடர்பும் உண்டு. கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தார். ஸ்டிரெப்டோமைசின் காசநோயைக் கட்டுப்படுத்தும் என்பதை நிறுவிய புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஆய்வு வெளியானதும் அதே 1948இல்தான். அதுவரை காசநோயாளிகளுக்கு உலகெங்கும் கிடைத்தவை ஓய்வும் ஊட்டமும் காற்றும் வெயிலுமே. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆகவே வைட்டமின் டி காசநோயையும் வெல்லும் என்ற நம்பிக்கை பின்னாளில் எழுந்தது இயல்பே. ஆனால் நம்பிக்கை வேறு, சோதனை வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2015இல் வெளிவந்த இந்திய ஆய்வு, வழக்கமான மருந்துகளுடன் வைட்டமின் டி சேர்த்துக் கொடுப்பதால் சளியில் கிருமிகள் விரைவாக மறைவதில்லை என்று கண்டது. மங்கோலியாவில் 8851 பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. காசநோய்த் தொற்று குறையவில்லை.

இங்கே நான் சொல்ல விரும்பும் முதல் கருத்துக்கு வருகிறேன். வெயில் எல்லோருக்கும் பொது என்று நாம் பேசுகிறோம். அது உண்மையன்று. தொழிலும் பாலினமும் வீடும் சேர்ந்துதான் யாருக்கு எவ்வளவு வெயில் என்று தீர்மானிக்கின்றன. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு வெயில் அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கிறது. அவளுக்கு வேண்டியது நிழலும் குடிநீரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் பகல் முழுவதும் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களும், குறிஞ்சிப்பாடியில் தறியை விட்டு நகர முடியாத நெசவாளர்களும் வெயில் கொளுத்தும் ஊரிலேயே வெயிலின்றி இருக்கிறார்கள். ஆந்திராவில் நடந்த ஆய்வில் வயலில் வேலை செய்த கிராமத்தவரின் அளவு நகரத்தவரைவிட மேலாக இருந்தது. ஆயினும் அவர்களிலும் பலருக்குக் குறைவே இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மேலும் குறைவு. ஏன் பெண்களுக்கு என்று கேட்க வேண்டாம். ‘வெயிலில் நிற்காதே, கறுத்துவிடுவாய், நாளை எவன் கட்டுவான்’ என்ற வாசகத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம் தெருக்களில் உண்டா? திருமணச் சந்தையில் தோலுக்குப் போட்ட விலையை எலும்பு கட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பழகுக் களிம்புகளின் விளம்பரங்கள் செய்யும் தீமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். எலும்பு மருத்துவரின் அறையிலும் அதன் கணக்கு வந்து சேர்கிறது என்பதை எழுதியதில்லை.

இரண்டாவது கருத்து உணவைப் பற்றியது. வைட்டமின் டி கால்சியத்தை உறிஞ்ச உதவும் என்றேன். உறிஞ்சுவதற்குக் கால்சியம் இருந்தால்தானே? வெயிலுக்குக் குறைவில்லாத நைஜீரியாவில் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்துகொண்டிருந்தது. 1999இல் வெளியான ஆய்வில் அக்குழந்தைகளுக்கு வைட்டமின் டி மட்டும் கொடுத்ததைவிடக் கால்சியம் கொடுத்தபோது நோய் நன்றாகத் தேறியது. அவர்களுக்குக் குறைந்தது சோறு, அதாவது சோற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து. தானியங்களிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கிடைக்கும் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. நம் ஏழைவீட்டு உணவும் அதற்கு நெருங்கியதே. மூன்று வேளையும் தீட்டிய அரிசி, நீர்த்த சாம்பார், காப்பியில் கலக்கும் அளவே பால். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கேழ்வரகுக் கூழை ஏழைகளின் உணவென்று ஒதுக்கியவர்கள் இப்போது அதைப் பெட்டியில் அடைத்த மாவாக வாங்குகிறார்கள். நம் கடற்கரையின் மத்தி மீனில் வைட்டமின் டி உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டில் கால்சியமும் உண்டு. பெரியம்மா சைவம். அவளுக்குக் கொடுத்த வைட்டமின் டி3 தூள் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து செய்யப்படுகிறது என்பதை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் குற்றத்தை வாசகர்கள் மன்னிப்பார்களாக.

மூன்றாவது கருத்தில்தான் நான் பலரோடு மாறுபடுகிறேன். பெரியம்மாவுக்கு எட்டு வாரங்கள், வாரம் ஒரு பொட்டலம் வீதம் 60,000 அலகு கொடுத்தார்கள். கூடவே தினமும் கால்சியம். மூன்று மாதத்தில் கையை ஊன்றாமல் எழுந்தாள். அதைப் பார்த்த உறவினர்கள் எல்லோருக்கும் அது அமுதமாகிவிட்டது. முடி கொட்டுகிறதா, களைப்பா, சர்க்கரையா, மனச்சோர்வா, எல்லாவற்றுக்கும் அதே பொட்டலம். நானும் கடலூரில் ‘முழு உடல் பரிசோதனை’ ஒன்றைச் செய்துகொண்டேன். 19 என்று வந்தது. தடித்த எழுத்தில் குறைபாடு என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்த இருபது என்ற எண்ணின் கதையைப் பிறகு படித்தேன். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறக்குறைய எல்லோருடைய தேவையையும் நிறைவு செய்யும் அளவு அது. சராசரி மனிதனின் தேவை 16தான். இருபதுக்குக் கீழுள்ளவர் அனைவரும் நோயாளிகள் என்பது அந்த அறிக்கையைத் தவறாகப் படித்ததன் விளைவு என்று அக்குழுவில் இருந்த அறிஞர்களே 2016இல் எழுதினார்கள். ஆறும் பத்தொன்பதும் ஒரே தடித்த எழுத்தில் அச்சாகின்றன. ஒன்று எலும்பை உருக்கும் நோய், மற்றது பரிசோதனைக் கூடத்தின் வருமானம்.

பெரிய சோதனைகளின் முடிவுகளும் அமுதம் என்ற எண்ணத்துக்குத் துணை நிற்கவில்லை. அமெரிக்காவில் 25,871 பேர் பங்கேற்ற ஆய்வில் தினமும் 2000 அலகு கொடுத்தும் புற்றுநோய் உண்டாவதோ மாரடைப்போ குறையவில்லை. 2019இல் இது வெளியானது. 2022இல் அதே ஆய்வு எலும்பு முறிவும் குறையவில்லை என்றது. ஆஸ்திரேலியாவில் 60 வயது கடந்த 21,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நம் பொட்டலத்தின் அதே 60,000 அலகை மாதம் ஒருமுறை ஐந்தாண்டுகள் கொடுத்தும் இறப்பு குறையவில்லை. அதே நாட்டில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் அலகு கொடுத்த ஆய்வு 2010இல் வெளியானது. கீழே விழுவதும் எலும்பு முறிவும் அதிகமாகியிருந்தன. இவற்றில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே குறையில்லாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பசித்தவனுக்குச் சோறு மருந்து. உண்டு முடித்தவன் இலையில் மேலும் கொட்டினால் அது மருந்தாவதில்லை.

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஒருவர், வாரம் ஒன்று என்பதை நாளொன்று என்று புரிந்துகொண்டு நான்கு மாதங்கள் அந்தத் தூளைப் பாலில் கலந்து குடித்துவந்தார். எழுதிக் கொடுத்தவரும் விளக்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. வாந்தி, மலச்சிக்கல், பிறகு பேச்சில் தடுமாற்றம். இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் இந்த நஞ்சேற்றம் நிகழாது, ஏனெனில் மிகையானதைத் தோலே பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. பொட்டலத்துக்கு அந்த விவேகம் கிடையாது. அவர் பிழைத்தார், ஆனால் முன்போல் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான். எல்லோரையும் பரிசோதித்து எல்லோருக்கும் பொட்டலம் கொடுக்கும் இன்றைய வழக்கம், தேவையில்லாதவர்களிடம் பணம் பறிக்கிறது. தேவையுள்ளவர்களையோ அது எட்டுவதே இல்லை. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, நலமாக உள்ள வயது வந்தோருக்கு வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், 75 வயது கடந்தோர் போன்றவர்களுக்குப் பரிசோதனையின்றியே அளவாகக் கொடுக்கலாம் என்கிறது. முந்திரிக் கொட்டகைப் பெண்ணுக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனை தேவையில்லை. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று ஒரு செவிலியர் கேட்டால் போதும், பாதி தெரிந்துவிடும். பாலிலும் எண்ணெயிலும் வைட்டமின் டி சேர்க்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கிறது. அது பாக்கெட் பால் வாங்க முடிந்தவரோடு நின்றுவிடாமல் நியாயவிலைக் கடை வரை வர வேண்டும். பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். இவை எதற்கும் ஆய்வுக்கூடம் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அதை நம்புகிற பழக்கம் நமக்கு வேண்டும். பெரியம்மா எட்டு ஆண்டுகள் அனுபவித்த துன்பத்தில் வைட்டமின் குறைவின் பங்கு எவ்வளவோ, எங்கள் அசட்டையின் பங்கும் அவ்வளவு. அந்த இளம் மருத்துவர் செய்த பெரிய காரியம், பரிசோதனை எழுதியது அல்ல. அதற்கு முன்னால் அவர் அவள் காலைத் தொட்டுப் பார்த்தார்.

சென்ற தையில் சிதம்பரம் போயிருந்தேன். முற்றத்தின் தகரத்தில் இரண்டு தகடுகளைக் கழற்றச் சொல்லியிருந்தாள் பெரியம்மா. கம்பி வலை மட்டும் இருந்தது. பதினொன்றரை மணிக்கு அந்தச் சதுரத்தில் வெயில் விழுந்தது. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கைகளையும் கால்களையும் நீட்டி, முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து, “போதும், இனிமே தலை வலிக்கும்” என்றபடி எழுந்தாள். கையை ஊன்றவில்லை. முறத்தை நிழலுக்கு இழுத்துக்கொண்டு மிச்சத்தைப் பொறுக்கத் தொடங்கினாள்.